சிற்றளவு கேம்பர் வேன்: அறிகுறியைக் கண்டு பிழையை நீக்கும் வழிமுறை

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களைக் கொண்டு 1/24 அளவில் ஒரு கேம்பர் வேனைக் கட்டி, அதைத் தம் விருப்பப்படி மாற்றி, வண்ணம் பூசி முடிக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது ஃபோக்ஸ்வாகன் டி1 வண்டியை. 1950 மார்ச் மாதம் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய இந்த வண்டிக்குள் 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் அலமாரியும் பொருத்தித் தந்தது. ரெவெல் நிறுவனம் இதன் பல வடிவங்களை 1/24 அளவில் வெளியிட்டிருப்பதால், கேம்பர் கட்ட நினைக்கும் பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

பெட்டியோடு வரும் குறிப்புத்தாள் எங்கோ ஒரு குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நான் வேலை செய்வது கிருஷ்ணகிரியில். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும் ஊர் இது. ஐப்பசி மழையில் காற்று ஈரம் கோத்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. கல் அறுக்கும் பட்டறைகளின் பக்கம் வீடு இருந்தால் சன்னலைத் திறந்த நாழிகையில் மேசைமேல் வெண்தூள் படியும். நான் சந்தித்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த நான்கினால் வந்தவை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. மேல்பூச்சில் தெரியும் குறை பெரும்பாலும் அதற்கு இரண்டு படிகள் முன்னால், கழுவும்போதோ தேய்க்கும்போதோ காயவிடும்போதோ உண்டாகியிருக்கும். அதனால் ஒவ்வோர் அறிகுறியின் கீழும் அது எங்கே பிறந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்கும் வழியையும், அதன் பிறகு திருத்தத்தையும் தந்திருக்கிறேன். குறையைக் கண்ட பதற்றத்தில் அதன்மேல் இன்னொரு பூச்சை அடித்து மறைக்க மட்டும் முயல வேண்டாம்.

ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கிறது

நான்கு சக்கரங்களையும் பொருத்தி வைத்ததும் வண்டி ஒரு மூலையில் ஆடினால், முதலில் சோதிக்க வேண்டியது மேசையை. மரப்பலகையும் பிளைவுட்டும் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் அரை மில்லிமீட்டர் மேடுபள்ளம் அவற்றில் இயல்பு. 1/24 அளவில் அது உண்மை வண்டியின் 12 மில்லிமீட்டருக்குச் சமம். இதற்கு நம் மாவட்டத்தில் நல்ல தீர்வு இருக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றியும் பர்கூர்ப் பக்கமும் உள்ள கிரானைட் பட்டறைகளில், மெருகேற்றிய பலகைகளை அறுத்தபின் மிஞ்சும் துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றில் ஓர் அடிச் சதுரத்துக்கு ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, எஃகு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று நாலாபுறமும் பார்த்துத் தேர்ந்துகொண்டால், அதுவே வாழ்நாளுக்கும் போதுமான சமதளம். என்னிடம் இருப்பது இளஞ்சிவப்பும் ஊதாவும் அலையலையாக ஓடும் பாரடைசோ வகைக் கல். என் கருவிகள் எல்லாவற்றிலும் நான் மிகுதியாக மதிப்பது அந்தக் கல்லைத்தான்.

கல்லின்மேல் வண்டியை வைத்து, மெல்லிய தாள்கீற்று ஒன்றை ஒவ்வொரு டயரின் கீழும் செருகிப் பாருங்கள். எந்த டயரின் கீழ் தாள் தடையின்றி நுழைகிறதோ அதுவே மேலே நிற்பது. ஆனால் குற்றம் அந்தச் சக்கரத்தினுடையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்து அச்சுக்கு அச்சு உள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். டி1 வண்டியின் சக்கர இடைத்தூரம் 2400 மில்லிமீட்டர் என்பதால் 1/24 அளவில் அது சரியாக 100 மில்லிமீட்டர் வரும். இவ்வளவு எளிதாக மனத்தில் நிற்கும் அளவு வேறு வண்டிகளுக்கு அமைவது அரிது. ஒரு பக்கம் 100, மறுபக்கம் 99.3 என்று வந்தால் அச்சு கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் ஒன்றாக இருந்தும் வண்டி ஆடினால் அடிச்சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேலுடலைக் கழற்றிவிட்டு அடிச்சட்டத்தை மட்டும் வைத்தபோது ஆட்டம் நின்றுவிட்டால் குறை அடிச்சட்டத்தில் இல்லை; மேலுடலின் உள்விளிம்பு தரைத்தகட்டை எங்கோ அழுத்துகிறது, அந்த இடத்தைத் தேடி அரத்தால் சீவினால் போதும்.

கோணலாக ஒட்டிய அச்சை இழுத்து வளைத்துச் சரிசெய்ய முயன்றால் பிறகு வெப்பத்தில் அது பழைய இடத்துக்கே திரும்பும். மெல்லிய அறுவாளால் இணைப்பை அறுத்துப் பிரித்து, கல்லின்மேல் வைத்து, இரு பக்கமும் 100 மில்லிமீட்டர் வருமாறு நிறுத்தி, மறுபடி ஒட்டி, ஓர் இரவு அசையாமல் விட வேண்டும்.

தட்டையாக இருக்க வேண்டிய பாகம் வளைந்திருக்கிறது

பெட்டியைத் தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைத்ததன் விளைவு இது. கோடையில் ஒரு வாரம் போதும். வளைந்த பாகத்தை, கை பொறுக்காத ஆனால் கொதிக்காத நீரில், ஏறக்குறைய 60 முதல் 70 பாகையில், ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துக் கல்லின்மேல் அழுத்திப் பிடித்தபடி குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். பாகங்களை வார்த்த பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 பாகையை நெருங்கும்போது இளகிவிடும் என்பதால் கொதிநீரில் போட்டால் பாகம் சுருண்டு மீட்க முடியாமல் போகும். ஒரே முறையில் நேராகாவிட்டால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்யலாம்.

மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது வண்ணமும் சேர்ந்து உரிகிறது

டி1 வண்டியின் அழகே அதன் இரட்டை வண்ணத்தில் இருக்கிறது. முகப்பில் வி வடிவமாக இறங்கி, இடுப்பு வழியே சுற்றிச் செல்லும் மேட்டுக்கோட்டுக்கு மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமும் வர வேண்டும் என்பதால், டேப் ஒட்டாமல் இந்த வண்டியை முடிக்க இயலாது. அதனாலேயே இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது, வந்தால் மனத்தையும் உடைக்கிறது.

உரிந்து வந்த சில்லைத் தூக்கி எறிந்துவிடாமல் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் பிரைமர் என்னும் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் இருந்தால், பிரைமரே பிளாஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. பாகம் வார்க்கப்பட்டபோது அச்சில் தடவிய எண்ணெயோ நம் விரல்களின் பிசுக்கோ கழுவப்படாமல் இருந்திருக்கிறது. முதுகில் மேல்வண்ணம் மட்டும் இருந்து, வண்டியில் பிரைமர் அப்படியே நின்றால், பிரைமர் மிக வழவழப்பாக இருந்திருக்கிறது அல்லது அதைத் தேய்த்தபோது எழுந்த தூள் துடைக்கப்படவில்லை. சில்லு எல்லைக்கோட்டை ஒட்டி மட்டும் பல் பல்லாக உரிந்திருந்தால், பூச்சின் பிடிமானத்தில் பழுதில்லை. டேப்பை எடுத்த விதமும் நேரமுமே பிழை.

முதல் வகைக்கு ஒட்டுப்போடும் திருத்தம் கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். உரியாத பகுதியும் நாளை உரியும். எல்லாப் பூச்சையும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. அக்ரிலிக் பூச்சாக இருந்தால் கண்ணாடிப் பாகங்கள் இல்லாத வெற்று உடலை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வண்ணம் கழன்று வரும். கையுறை அணிந்துகொள்ளுங்கள், அருகே அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பாகங்களைக் கழுவி, கடைசி அலசலை மட்டும் வடிகட்டிய நீரில் செய்து, துணியால் துடைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். அதற்குப்பின் வெறுங்கையால் தொடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். உடலின் உட்புறத்தில் ஒரு மரக்குச்சியை டேப்பால் கட்டிக் கைப்பிடியாக்கிக்கொண்டால் கட்டுப்பாடு தானாக நிற்கும்.

இரண்டாம் வகைக்கு, உரிந்த இடத்தின் விளிம்பை 1500 எண் வாட்டர் பேப்பரால் நீர் தொட்டு மெல்லச் சரிவாக்கி, பிரைமரையும் அதே தாளால் இலேசாகத் தேய்த்துத் தூளை முழுமையாக நீக்கி, அந்தப் பகுதிக்கு மட்டும் மெல்லிய பூச்சுகளாக வண்ணம் அடிக்கலாம்.

மூன்றாம் வகை பெரும்பாலும் நம் வெப்பத்தால் வருவது. டேப்பை ஒட்டி இரண்டு நாள் விட்டுவிட்டால் கோடையில் அதன் பசை இளகி வண்ணத்தோடு ஒன்றிவிடுகிறது. வண்ணம் அடித்த அன்றே, கை வைத்தால் ஒட்டாத ஆனால் இன்னும் இறுகிவிடாத பதத்தில், டேப்பை அதன் முதுகின்மேலேயே மடித்துத் தாழ்வாகவும் மெதுவாகவும் இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் வண்ணம் பிய்ந்து வரும். டேப்பின் பிசின் படிந்துவிட்டிருந்தால் கரைப்பான் எதையும் தொட வேண்டாம். புதிய டேப் துண்டு ஒன்றை அதன்மேல் அழுத்தித் திரும்பத் திரும்ப எடுத்தாலே பிசின் அதனோடு வந்துவிடும்.

இரு வண்ணங்களின் எல்லை கசிந்து மீசை விட்டிருக்கிறது

டேப் சுருளின் பக்கவாட்டில் தூசு படிந்திருக்கும். அந்த விளிம்பை அப்படியே பயன்படுத்தியதால் வந்தது. டேப்பைக் கல்லின்மேலோ கண்ணாடியின்மேலோ ஒட்டி, கூரிய பிளேடால் ஓரத்தைச் சீவி, புதிய விளிம்பைக் கொண்டு எல்லையை அமைக்க வேண்டும். முகப்பின் வளைவுக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகள் மட்டுமே வளைந்து கொடுக்கும். அகலமான டேப்பை அதன் பின்னால் ஒட்டி மூடிக்கொள்ளலாம். டேப் ஒட்டியபின், இரண்டாம் வண்ணத்துக்கு முன்னால், கீழே உள்ள முதல் வண்ணத்தையே விளிம்பின்மேல் ஒரு மென்பூச்சாக அடித்துவிட்டால், கசிவதற்கு இடம் இருந்தாலும் கசிவது அதே நிறமாக இருக்கும். கசிந்துவிட்ட மீசையை, நன்கு காய்ந்தபின், அதே வண்ணத்தின் தின்னரில் நனைத்துப் பிழிந்த நுண்தூரிகையால் நீக்க முயல்வதைவிட, கூர் பிளேடின் முதுகால் சுரண்டிவிட்டுச் சிறு தூரிகையால் தொட்டுத் திருத்துவது பாதுகாப்பானது.

மஞ்சள் நிறம் அழுக்கேறியதுபோல் தெரிகிறது

என் கடைசி வண்டிக்கு மாங்காயின் பச்சையைக் கீழேயும் கனிந்த பெங்களூரா மாம்பழத்தின் மஞ்சளை மேலேயும் கொடுத்தேன். மாம்பழ மாவட்டத்து வண்டி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மஞ்சளுக்கு மறைக்கும் வலிமை குறைவு. சாம்பல் பிரைமரின்மேல் அது பச்சை கலந்த அழுக்காகத் தெரியும், பத்துப் பூச்சு அடித்தாலும் தெளியாது. பிரைமரின்மேல் வெள்ளையையும், இன்னும் சூடான மஞ்சள் வேண்டுமானால் வெளிர் இளஞ்சிவப்பையும் அடித்தளமாக அடித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களின்மேல் வெள்ளை அடித்தால் சாயம் ஊறி மேலே வருவது வேறொரு கோளாறு. அதற்கு முதலில் வெள்ளிநிறப் பூச்சு ஒன்றைத் தடுப்பாக இட வேண்டும்.

பூச்சு சொரசொரப்பாக இருக்கிறது

இந்த ஓர் அறிகுறிக்குள் இரண்டு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. விரலால் தடவும்போது உப்புத்தாளைப்போல் மணல்மணலாக இருந்தால், வண்ணத் துளிகள் உடலை அடையும் முன்பே காற்றில் காய்ந்து தூளாக விழுந்திருக்கின்றன. தடவினால் வழுக்கினாலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது ஆரஞ்சுப் பழத்தோலைப்போல் குழிகுழியாகத் தெரிந்தால், துளிகள் ஈரமாகவே விழுந்தும் பரவிச் சமமாகும் முன் இறுகிவிட்டன. முதலாவது சித்திரை வெயிலில் நண்பகலில் அடிப்போருக்கு வருவது. அதிகாலை ஆறு மணிக்கு அடித்துப் பாருங்கள், மருந்தே தேவைப்படாது. காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் ஏர்பிரஷ்ஷை 8 முதல் 12 சென்டிமீட்டர் தூரத்திலும், ஸ்ப்ரே டப்பாவை 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்திலும் பிடிக்க வேண்டும். தூரம் கூடினால் தூளாகும். இரண்டாவது கோளாறுக்கு வண்ணத்தைப் பால்பதத்துக்கு இன்னும் நீர்க்கச் செய்து, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்த வேண்டும்.

வந்துவிட்ட குழிகளை நீக்க, லாக்கர் பூச்சானால் ஒரு வாரம், எனாமலானால் அதைவிடக் கூடுதலாகக் காயவிட்டு, மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை இருக்கும்வரை அது காயவில்லை. வாடை நின்றபின் 2000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் நனைத்து, சமதளப் பகுதிகளில் மட்டும் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்ற வேண்டும். முகப்பின் மேட்டுக்கோட்டிலும் சக்கர வளைவின் விளிம்பிலும் பூச்சு மெலிந்திருக்கும். அவற்றின்மேல் முன்கூட்டியே டேப் ஒட்டிக் காப்பாற்றாவிட்டால் இரண்டே தேய்ப்பில் பிளாஸ்டிக் வெளியே தெரியும்.

கிளியர் என்னும் நிறமற்ற மேல்பூச்சில் பொட்டுப்பொட்டாகத் தூசு உட்கார்ந்திருந்தால் அதற்கும் இதே தேய்ப்புதான். கல்தூள் பறக்கும் பகுதியில் இருப்போர் பூச்சுக்கு அரைமணி நேரம் முன்பே தரையில் நீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, பூசிய உடனே பாகத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் கவிழ்த்து மூடிவிடுவது நல்லது.

பளபளப்பின்மேல் வெண்புகை படர்ந்திருக்கிறது

மழைநாளில் லாக்கர் அடித்திருக்கிறீர்கள். தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஓசூர்ப் பக்கம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழிக் காலையிலும் இது நேரும். அச்சப்பட வேண்டியதில்லை, வெயில் வந்த நாளில் ரிடார்டர் தின்னரை மட்டும் மிக மெல்லிய தூவலாக அடித்தால் மேற்பரப்பு இளகி, ஈரம் வெளியேறி, வெண்மை மறையும். ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரில் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறி இருந்தால் அதைத் திறந்து வடித்துவிடவும் மறக்கக் கூடாது.

பூச்சு சுருங்கி வெடிக்கிறது

வீரியமான தின்னர் மெல்லிய பூச்சையோ பிளாஸ்டிக்கையோ அரித்ததன் அடையாளம் இது. எனாமலின்மேல் லாக்கர் அடித்தால் எனாமல் ஊதிச் சுருங்கும். லாக்கரின்மேல் எனாமலோ அக்ரிலிக்கோ அடித்தால் ஒன்றும் ஆகாது. டிங்கரிங் பட்டறைகளில் வண்டிகளுக்குப் பயன்படும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் பாலிஸ்டைரீனையே கரைக்கும். எந்தப் பிளாஸ்டிக்கிலும் போடலாம் என்று ஒரு கடையில் சொல்லித் தந்த தின்னரைச் சோதிக்காமல் பயன்படுத்தி, முகப்பு முழுவதும் வரிவரியாக வெடித்த ஓர் உடலை இன்றும் வைத்திருக்கிறேன். அன்றுமுதல் பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் ஸ்ப்ரூ சட்டத்தில் எந்தப் புதிய பூச்சையும் முதலில் அடித்து, ஒரு நாள் கழித்துப் பார்க்காமல் வண்டிக்குக் கொண்டுசெல்வதில்லை. வெடிப்பு மேற்பூச்சோடு நின்றிருந்தால் தேய்த்துச் சமன் செய்யலாம். பிளாஸ்டிக்குக்குள் இறங்கியிருந்தால் பட்டி பூசி நிரப்ப வேண்டியிருக்கும்.

மறைத்துவிட்ட இணைப்புக்கோடு மறுபடி தெரிகிறது

குழாயில் வரும் என்.சி. பட்டி காயும்போது சுருங்கும். ஒரே தடவையில் தடிப்பாக அப்பி, மறுநாளே தேய்த்துப் பூசினால், ஒரு மாதத்தில் கோடு பள்ளமாக எழும். மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விட்டுப் பூச வேண்டும். அவசரமானால் நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை இட்டு அதன்மேல் ஆப்ப சோடாவைத் தூவலாம். அது சுருங்காது, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், பிறகு பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும்.

கண்ணாடிகள் பனி படர்ந்தாற்போல் மங்கிவிட்டன

டி1 வண்டியில் 1951இல் வந்த சாம்பா என்னும் வடிவத்துக்கு 23 கண்ணாடிகள். ஒன்று மங்கினாலும் கண் அங்கேதான் போகும். சயனோஅக்ரிலேட் பசையின் ஆவியே இதற்குக் காரணம். அது பசை இட்ட இடத்தில் மட்டுமன்றி, மூடிய வண்டிக்குள் சுற்றிவந்து எல்லாக் கண்ணாடிகளிலும் வெண்மையாகப் படியும். கண்ணாடியை எட்ட முடிந்தால், மெல்லிய துணியில் பாலிஷ் தொட்டுத் தேய்த்தபின் அக்ரிலிக் கிளியரை ஒரு பூச்சு கொடுக்கும்போது தெளிவு திரும்பிவரும். கண்ணாடிகளை ஒட்டுவதற்குப் பெவிகால் போன்ற வெண்பசையே போதும். காய்ந்தபின் அதன் வெண்மை நீங்கிவிடும், வழிந்ததை ஈரத்துணியால் துடைக்கலாம். உள்ளே அலமாரியை ஒட்டச் சயனோஅக்ரிலேட்டைத் தவிர்க்க முடியாவிட்டால், கூரையைப் பொருத்தாமல் ஓர் இரவு திறந்துவைக்க வேண்டும்.

டீக்கலைச் சுற்றி வெண்கறை, அல்லது அடியில் வெள்ளிப் பளபளப்பு

டீக்கல் என்பது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம். கறை அதன் ஓரத்தைச் சுற்றிக் கோலப்பொடிபோல் இருந்தால் குற்றம் தண்ணீரில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் அது பயன்பாட்டுக்கும் வந்தது. டீக்கலின் ஓரத்தில் வெண்கறையாக நிற்பதோ ஃபுளோரைடு அன்று. கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சிய, மெக்னீசிய உப்புகள். நீர் ஆவியானதும் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினால் பத்து வண்டிகளுக்குத் தாராளமாக வரும். படிந்த கறையை, நீர்த்த வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, டிஸ்டில்ட் வாட்டரால் மறுபடி ஒற்றுங்கள். மேலே கிளியர் அடித்துவிட்டால் கறை நிலையாகிவிடும் என்பதால் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

டீக்கலுக்கு அடியில் வெள்ளியாக மின்னினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. மங்கலான பூச்சின் நுண்மேடுகளுக்கு இடையே காற்று தங்குவதால், டீக்கல் ஒட்டும் முன் பளபளப்பான கிளியர் அடித்திருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, ஊசிமுனையால் அங்கங்கே குத்தி, டீக்கலை இளக்கும் திரவத்தை விட்டு, ஈரப்பஞ்சால் அழுத்துவது.

சொந்தமாக அச்சிட்ட டீக்கல்களில் மை கரைந்தோடினால், இங்க்ஜெட் அச்சுக்குப்பின் இரண்டு மூன்று மெல்லிய கிளியர் பூச்சுகள் இட்டு ஒரு நாள் காயவிடாததே காரணம். வீட்டு அச்சுப்பொறிக்கு வெள்ளை மை கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் எண்பலகைக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்பதால் அதற்கு வெள்ளை டீக்கல் தாளைப் பயன்படுத்த வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் நம் ஊர் வண்டியாகத் தெரியவில்லை

இது பூச்சில் வரும் கோளாறு அன்று, ஆனாலும் வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றுவோர் அனைவரும் சந்திப்பது. பாகங்கள் இடப்பக்க ஸ்டியரிங்குக்காக வார்க்கப்பட்டிருந்தால், ஸ்டியரிங்கையும் மிதிகளையும் வலப்பக்கம் மாற்றுவதோடு நிற்காமல் வைப்பர்கள் படியும் திசையையும் மாற்ற வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு இரட்டைக் கதவு வலப்பக்கத்தில் வரும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு அது இடப்பக்கம், நடைபாதையை நோக்கி. உடலை அறுத்து இடம் மாற்றத் துணியாவிட்டால் ஸ்டியரிங்கையும் தொடாமல் வெளிநாட்டிலிருந்து ஓட்டிவந்த வண்டியாகவே விட்டுவிடுவது, பாதி மாற்றுவதைவிட நேர்மையாகத் தெரியும்.

எண்பலகை பெரும்பாலும் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடுகிறது. 500க்கு 120 மில்லிமீட்டர் பலகை 1/24 அளவில் 20.8க்கு 5 மில்லிமீட்டர். 340க்கு 200 மில்லிமீட்டர் பலகை 14.2க்கு 8.3 மில்லிமீட்டர். கிருஷ்ணகிரிக்கு டி.என். 24, தருமபுரிக்கு டி.என். 29, ஓசூருக்கு டி.என். 70. திரைச்சீலைக்கு உண்மைத் துணியை வெட்டித் தொங்கவிட்டால் அது கம்பளிப்போர்வைபோல் விறைத்து நிற்கும். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள துணி இந்த அளவில் 12 மில்லிமீட்டர் தடிப்பாகிறது. மெல்லிய டிஷ்யூ தாளில் நுண்ணிய கட்டங்களை அச்சிட்டு, நீர்த்த பெவிகாலில் நனைத்து, ஊசியால் மடிப்பு வைத்து உலர்த்தினால் லுங்கித்துணியின் நெகிழ்ச்சி வந்துவிடும். மேலே உயரும் கூரையின் கித்தானுக்கும் இதே முறைதான்.

உயரும் கூரை பூசியபின் மூட மறுக்கிறது

பிரைமர், வண்ணம், கிளியர் சேர்ந்து ஒரு பரப்பில் 0.1 மில்லிமீட்டர் வரை ஏறும். கூரையின் விளிம்பு, அது உட்காரும் திறப்பின் விளிம்பு என்று இரு பரப்புகள், இரு பக்கங்கள் என்று கணக்கிட்டால் 0.4 மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது. வெற்றுப் பிளாஸ்டிக்கில் கச்சிதமாக உட்கார்ந்த கூரை அதனால்தான் பூசியபின் கடிக்கிறது. கடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, விளிம்பில் பென்சிலால் கருமை தேய்த்து ஒருமுறை மூடித் திறந்தால், உரசும் இடம் எதிர்விளிம்பில் கறையாகப் பதியும். அங்கே மட்டும் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தைச் சுரண்டுங்கள். அடுத்த வண்டியில், பூசும் முன் பொருத்திப் பார்க்கும்போதே ஒவ்வொரு விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள். அதன் தடிப்பும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால், டேப்போடு மூடினால் பூச்சோடும் மூடும்.

குரோம் பம்பர் ஒட்டாமல் கழன்று விழுகிறது

பசை குரோம் படலத்தைத்தான் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக்கை அன்று. ஒட்டும் இடங்களில் படலத்தைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். முழுவதும் நீக்க விரும்பினால் வீட்டு பிளீச்சில் ஊறவைக்கலாம். அதனோடு கழிப்பறை கழுவும் அமிலம் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, நச்சு வாயு எழும்.

அலமாரியில் வைத்த வண்டியின் சக்கரங்கள் உருகியதுபோல் ஒட்டிக்கொண்டன

கட்டி முடித்துப் பல மாதங்கள் கழித்தே இது தெரியவரும். மென்மையான வினைல் டயர்களில் நெகிழ்ச்சிக்காகச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை இளக்குகிறது. நம் கோடை அதை விரைவுபடுத்துகிறது. பூசிய காட்சிப்பலகையில் நிறுத்தினால் பலகையின் வண்ணமும் டயரோடு வரும். ஒட்டிக்கொண்ட டயரை இழுத்துப் பிடுங்காமல், பிளேடால் உட்பக்கம் கீறிப் பிரித்து எடுங்கள். இளகிய சக்கரத்தை ஒரு வாரம் காற்றாட விட்டால் ஓரளவு இறுகும். பிறகு தேய்த்துச் சமன்செய்து, டயர் உட்காரும் பள்ளத்தில் பாத்திரக் கடை அலுமினியத் தாளின் மெல்லிய கீற்று ஒன்றைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் டயரை ஏற்றுங்கள். டயர் நிற்கும் இடத்தில் பலகையின்மேலும் அதே தாளில் சிறு வட்டங்களை வெட்டி வைத்துவிட்டால், வண்டியை எப்போது எடுத்தாலும் அது தடம் பதிக்காமல் வரும்.